ஒரே அறையில் நாலு வாசகர்கள்: சேலத்துக் கடைகளுக்குப் புதிய பதிப்பை எடுத்துச் சொல்வது

மென்பொருளில் புதிய பதிப்பு வந்ததும் பெரும்பாலான நிறுவனங்கள் செய்வது ஒரே காரியம்தான். நிரல் எழுதியவர்கள் கொடுத்த மாற்றப் பட்டியலை வண்ணப் படத்தில் ஒட்டி, கைவசம் உள்ள எல்லா எண்களுக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவார்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடையில் அந்தப் படத்தின் ஆயுள் அரை நிமிடம். முதலாளி பார்த்துவிட்டு, “ஏதோ அப்டேட்டாம், என்னன்னு பாருப்பா” என்பார். பில் போடுகிறவர், “இப்ப இருக்கறதே ஓடிட்டுத்தான இருக்குதுங்கண்ணா, முகூர்த்தம் முடியட்டும்” என்பார். அத்தோடு சரி.

கேட்பவரைப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தி எழுது என்று பாடப்புத்தகம் சொல்லும். அது சரியே. ஆனால் நம்மூர்க் கடையில் முதலாளி, பில் போடுபவர், மாதம் ஒருமுறை வந்துபோகும் ஆடிட்டர் ஆபீஸ் ஆள், வெள்ளி வாங்கிப் போக வந்த பட்டறைக்காரர் என நாலு பேரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். முதலாளியின் வாட்ஸ்அப் பில்லிங் கம்ப்யூட்டரிலேயே திறந்து கிடக்கும். அவருக்கென்று எழுதியதை மற்ற மூவரும் படிப்பார்கள். ஆகவே, ஆளுக்கு ஆள் எதை முதலில் சொல்வது, எதை அழுத்திச் சொல்வது என்பதை மாற்றலாம். ஒருவரிடம் சொன்னது இன்னொருவர் காதில் விழுந்தால் சங்கடம் என்ற நிலை மட்டும் வரக்கூடாது.

விளக்கத்துக்கு ஒரு கற்பனைப் பதிப்பை எடுத்துக்கொள்வோம். வெள்ளிக் கொலுசு வியாபாரத்துக்கான பில்லிங் மற்றும் இருப்பு மென்பொருள். அதோடு ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்கு ஒரு கைபேசிச் செயலி. பட்டியலில் நாற்பது மாற்றங்கள் இருக்கின்றன. வெளியே சொல்லத் தகுந்தவை ஆறு: பட்டறைக் கணக்கு சுத்த எடையில் தெரிவது, தராசு எடை நேரே பில்லில் விழுவது, இ-இன்வாய்ஸ் (அரசின் ஜிஎஸ்டி தளத்தில் பதிய வேண்டிய பில்) தானாகப் பதிவாவது, எந்தக் கணக்கு எப்போது திருத்தப்பட்டது என்று குறித்து வைக்கும் திருத்தப் பதிவேடு, சிக்னல் இல்லாமலே செயலி இயங்குவது, விண்டோஸ் 7-க்கு ஆதரவு நிற்பது.

முதலில் ஒரு தாள்

போஸ்டருக்கு முன்னால் ஐந்து பத்திகள் (நெடுக்குக் கட்டங்கள்) போட்ட ஒரு தாள் வேண்டும். என்ன மாறியது, அதில் யார் கை படும், நேற்றுவரை அந்த வேலையை எப்படிச் செய்தார், நாளை எப்படிச் செய்வார், எங்கே இடறும். மூன்றாம் பத்திதான் உயிர். அதை நிரப்ப முடியவில்லை என்றால், அந்த வசதி யாருக்கு என்றே நமக்குத் தெரியவில்லை என்று பொருள். ஏதாவது ஒரு கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்துதான் எழுத வேண்டும்.

தராசு இணைப்பையே பாருங்கள். நேற்றுவரை தராசின் எண்ணைக் கண்ணால் பார்த்துக் கையால் தட்டினார்கள். 186.40 என்பது அவசரத்தில் 168.40 ஆனால் 18 கிராம் காற்றில் போகும். மூன்றாம் பத்தியில் இப்படி ஒரு வரி இருந்தால் விளம்பர வாசகம் பாதி எழுதப்பட்டுவிட்டது. ‘வன்பொருள் ஒருங்கிணைப்பு மேம்படுத்தப்பட்டுள்ளது’ என்று எழுதினால் ஒருவர் மனதிலும் ஒட்டாது.

நாற்பதில் மீதி முப்பத்து நான்கும் இந்தத் தாளிலேயே உதிர்ந்துவிடும். அவற்றை ‘மற்ற திருத்தங்கள்’ என்று இணையதளத்தில் ஒரு பக்கத்தில் போட்டால் போதும். போஸ்டரில் ஏற்றாதீர்கள். ஒரு செய்தியில் மூன்று வசதிக்கு மேல் போனால் கடைசியில் ஒன்றுகூட நினைவில் நிற்காது.

முதலாளிக்கு

கொலுசுத் தொழிலில் முதலாளிக்குத் தூக்கம் கெடுப்பது பில் இல்லை, பட்டறைப் பாக்கி. கட்டி வெள்ளி ஒரு டச்சில் (நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற கணக்கு) போகும், கொலுசு வேறொரு டச்சில் திரும்பும், நடுவில் சேதாரம். 2,000 கிராம் கட்டி, டச் 99 என்றால் சுத்தம் 1,980 கிராம். திரும்பி வந்தது 1,500 கிராம் கொலுசு, டச் 80, சுத்தம் 1,200. ஒத்துக்கொண்ட சேதாரம் சுத்தக் கணக்கில் 15 கிராம். பட்டறையிடம் பாக்கி 765 கிராம். இதை இருபது பட்டறைகளுக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கும் மனிதருக்கு ‘நேரடி இருப்பு முகப்புப் பலகை’ என்று சொன்னால் என்ன புரியும்? இந்த நாலு எண்களையே படமாகப் போடுங்கள். செய்தி இப்படி இருக்கலாம்:

“வணக்கம்ங்க. பட்டறைக்குக் கொடுத்த கட்டி, வந்த கொலுசு, சேதாரம் மூணும் இனி ஒரே பக்கத்துல சுத்த எடையில தெரியும்ங்க. யார்கிட்ட எவ்வளவு பாக்கின்னு தினமும் சாயந்திரம் பார்த்துக்கலாம். பழைய பாக்கியை மட்டும் ஒரு தடவை ஏத்தணும்ங்க. நம்ம ஆளு வந்து கூட உட்கார்ந்து ஏத்திக் கொடுப்பாரு.”

கடைசி வரி கட்டாயம் இருக்க வேண்டும். இந்த வசதியின் உண்மையான தொல்லை ஆரம்பப் பாக்கியை ஏற்றுவதுதான். அதை மறைத்துவிட்டு ‘ஒரே கிளிக்’ என்று விற்றால், முதல் நாள் பக்கம் திறந்ததும் எல்லாப் பட்டறைக்கும் பாக்கி பூஜ்யம் என்று காட்டும். அப்புறம் அந்தப் பக்கத்தை அவர் திறக்கவே மாட்டார்.

பட்டறைக்காரரும் இந்தச் சீட்டைத் தன் நோட்டோடு ஒப்பிடுவார் என்பதை மறக்க வேண்டாம். ஒவ்வொரு வரியிலும் இரண்டு தசமத்துக்குச் சுருக்கிவிட்டுக் கூட்டினால் ஒரு தொகை வரும். எல்லாம் கூட்டிக் கடைசியில் ஒரே முறை சுருக்கினால் வேறொரு தொகை வரலாம். வித்தியாசம் சில பத்து மில்லிகிராம்தான், ஆனால் பேச்சு நாணயத்தைப் பற்றியதாக மாறிவிடும். எந்த முறையில் சுருக்குகிறோம் என்பதைச் சீட்டின் அடியிலேயே ஒரு வரியாக அச்சிடுங்கள். விற்பனைக்குப் போகிறவரும் அதை வாயால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

பில் போடுபவருக்கு

அறிவிப்புகளில் எப்போதும் விடுபடுகிறவர் இவர்தான். புதிய பதிப்பு நிலைப்பதும் தோற்பதும் இவர் கையில்தான் என்பது என் கட்சி. இவருக்கு லாபக் கணக்கு வேண்டாம். விசைப்பலகையில் என்ன இடம் மாறியது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் போதும். சேமிக்கும் விசை எஃப்8-இலிருந்து எஃப்9-க்குப் போயிருந்தால், புதிய வசதிகள் எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில் அதைச் சொல்லுங்கள். மானிட்டர் ஓரத்தில் ஒட்ட ஒரு சிறு அட்டை அச்சிட்டுக் கொடுங்கள். நாலு வரிக்கு மேல் வேண்டாம். சேலத்தில் எந்த அச்சகத்திலும் அடிக்கலாம், நாலு கட்ட வீடியோத் தொடரைவிட அதிக நாள் கண்ணில் படும்.

தராசு இணைப்பை இவரிடம் சொல்லும்போது பெருமையைக் குறைத்துக்கொள்வது நல்லது. கடைத் தராசுகள் பல இன்னமும் ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் போர்ட்டில்தான் எடையை வெளியே அனுப்புகின்றன. புதிய கம்ப்யூட்டரில் பெரும்பாலும் அந்தத் துளையே இருக்காது. யூஎஸ்பி மாற்றி போட வேண்டும். அதைச் செருகியதும் விண்டோஸ் அந்தப் போர்ட்டுக்கு அடையாளமாக ஒரு காம் எண் கொடுக்கும். அந்த எண்ணையும், தராசு எடையை அனுப்பும் வேகத்தையும் — பல தராசுகளில் அது 9600 — மென்பொருளில் அப்படியே பதிய வேண்டும். வேகம் பொருந்தாவிட்டால் எடைக்குப் பதில் கிறுக்கல் எழுத்துகள் வரும். கூட்டித் துடைக்கும்போது மாற்றியைக் கழற்றி வேறு துளையில் செருகினால் காம் எண் மாறிவிடலாம், மாறினால் எடை வருவது நின்றுவிடும். வேறொரு நிரல் அந்தப் போர்ட்டைப் பிடித்து வைத்திருந்தாலும் இதே கதை. தட்டில் வைத்தவுடன், ஆட்டம் நிற்பதற்கு முன்பே எடையை எடுத்துக்கொள்ளும் மென்பொருள் இன்னும் ஆபத்தானது; எண் நிலைத்த பிறகே பில்லில் விழுமா என்பதை நிரல் எழுதியவர்களிடம் கேட்டு உறுதி செய்யாமல் இந்த வசதியைப் பற்றி ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது.

இவ்வளவு இடறல் உள்ள ஒன்றை ‘எந்தத் தராசுடனும் இணையும்’ என்று எழுதுவது வீண் வம்பு. சோதித்துப் பார்த்த தராசு மாடல்களின் பட்டியலைப் போடுங்கள். “இதில் இல்லாவிட்டால் தராசின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்க” என்று ஒரு வரி சேர்த்தால், அடுத்த மாதப் பட்டியல் தானாக நீளும்.

ஒரு வீடியோ எடுப்பதென்றால் 45 விநாடி. ஒரே வேலை, முதல் தட்டலிலிருந்து பில் அச்சாகும் வரை. கடைத் தெரு இரைச்சலில் ஒலி கேட்காது என்பதால் தமிழில் எழுத்தும் ஓட வேண்டும். திரையில் காட்டும் மாதிரிக் கணக்கு கடைக்காரர் கண்ணுக்கு நம்பும்படி இருக்கட்டும். ஒரு ஜோடி பெரிய கொலுசு 5 கிராம், டச் 120 என்று திரையில் தெரிந்தால், ‘இவனுக்குத் தொழிலே தெரியாது’ என்று அங்கேயே முடிவு கட்டிவிடுவார்கள். உண்மைக் கடையின் கணக்கை எடுத்துப் பெயரை மட்டும் அழித்துப் போடுவதும் கூடாது. செவ்வாய்ப்பேட்டையில் எடையையும் வடிவப் பெயரையும் பார்த்தே எந்தக் கடைச் சரக்கு என்று சொல்லிவிடுவார்கள்.

ஆடிட்டருக்கு

ஒரே ஒரு பக்கம், மின்னஞ்சலில். முதல் வரி: ‘முந்தைய ஆண்டுக் கணக்குகளில் எந்த எண்ணும் மாறாது.’ அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான். அதற்கு அடுத்து, எந்த அறிக்கையில் எந்தப் பத்தி சேர்ந்திருக்கிறது, எக்செல் ஏற்றுமதியின் வரிசை மாறியதா, பட்டறைக்குப் போகும் டெலிவரி சலான்கள், வேலைக்கு வெளியே அனுப்பிய சரக்கை ஜிஎஸ்டிக்குக் காட்டும் ஐடிசி-04 படிவத்துக்கு ஏற்றபடி வருகின்றனவா. வேறு அலங்காரம் வேண்டாம். மாதம் 11-ஆம் தேதி விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி வரிச் சுருக்கம் காட்டும் 3பி. அந்த நாட்களை ஒட்டி அனுப்பினால் படிக்காமலே அமுங்கிவிடும்.

திருத்தப் பதிவேட்டைத்தான் நிதானமாகக் கையாள வேண்டும், ஏனென்றால் அறையில் உள்ள ஒவ்வொருவருக்கும் அது வேறு முகம் காட்டும். கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனங்கள் 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிந்து வைக்கும், அணைக்க முடியாத பதிவேடு உள்ள கணக்கு மென்பொருளையே பயன்படுத்த வேண்டும். தணிக்கையாளரும் தன் அறிக்கையில் அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆகவே ஆடிட்டருக்கு இது தேவையான கருவி. தனி ஒருவர் உரிமையிலும் பங்குதாரர் நிறுவனமாகவும் நடக்கும் கடைகளை இந்த விதி கட்டாது. அவர்களிடம் போய் ‘சட்டப்படி கட்டாயம்’ என்று சொல்லி விற்றால் பொய். அவர்களுக்கு இது ஒரு வசதி மட்டுமே.

பில் போடுபவருக்கோ இது தலைக்கு மேல் வைத்த கேமரா. ‘யார் தப்பு செய்தாலும் கையும் களவுமாகப் பிடிக்கலாம்’ என்று முதலாளிக்கு ஒரு போஸ்டர் அனுப்பினால், அதை முதலில் படிப்பவர் பில்லிங் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவர். அதன் பிறகு புதிய பதிப்பில் அவர் கண்டுபிடிக்கும் கோளாறுகளுக்குக் கணக்கே இருக்காது! அதே வசதியை, ‘பில் தவறாகப் போனால் எங்கே மாறியது என்று உடனே தெரியும், வீண் பழி யார் மேலும் விழாது’ என்று சொல்லலாம். இதுவும் உண்மைதான், நாலு பேர் முன்னால் உரக்கப் படிக்கவும் முடியும்.

இ-இன்வாய்ஸ் இதற்கு நேர்மாறு. சொல்லக் கூடாதவரிடம் சொன்னால் கெடும். 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு மொத்த விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள், பதிவு பெற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு அது கட்டாயம். அதற்குக் கீழே உள்ள சிறு கடைக்கு ‘இ-இன்வாய்ஸ் தானாகப் பதிவாகும்’ என்று செய்தி போனால், “நமக்கும் வந்திருச்சாங்க?” என்று பதற்றத்தோடு போன் வரும். பட்டியலைப் பிரித்து, தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். அவர்களிடம் வரம்பையும் சொல்லிவிட வேண்டும்: பதிந்ததை 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்யலாம், அதுவும் முழுசாகத்தான், பாதி ரத்து கிடையாது. 10 கோடியோ அதற்கு மேலோ உள்ளவர்கள் 2025 ஏப்ரல் 1 முதல் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பதிந்தாக வேண்டும். ‘தானாக’ என்ற வாக்குறுதி இணையம் நின்ற நாளில் பொய்க்கும். பதிவாகாமல் நிற்கும் பில்கள் எந்தத் திரையில் சிவப்பில் தெரியும் என்பதையும் அதே செய்தியில் காட்டுங்கள்.

ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளும் இதே மென்பொருளை வாங்கியிருந்தால், கொலுசுப் படத்தை அங்கே அனுப்பிப் பயனில்லை. அங்கே எடை என்றால் லாரி ஏறும் எடை மேடை. கிழங்குக்கு விலை மாவுச்சத்துப் பாயிண்ட்டில். அவர்களுக்குத் தனித் தாள்.

மலைக்கு மேலே

ஏற்காட்டில் காப்பி வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: சிக்னல் இல்லாவிட்டாலும் எடை பதியலாம். பழம் பறித்து முடிந்ததும் ஆள்வாரியாக எடை போட்டு, அதை வைத்துக் கூலி எழுதுவது எஸ்டேட் ரைட்டரின் வேலை. தோட்டத்துக்குள் பல மூலைகளில் சிக்னல் கிடையாது. நேற்றுவரை நோட்டில் எழுதி, ராத்திரி செயலியில் மறுபடி தட்டினார். இனி எடை போடும் இடத்திலேயே தட்டலாம்; டவுனுக்கு வந்ததும் தானாகப் போய்ச் சேரும்.

இங்கே எச்சரிக்கைதான் விளம்பரத்தைவிட முக்கியம். அனுப்பப்படாத பதிவுகள் கைபேசிக்குள் மட்டுமே இருக்கின்றன. ‘ஆப் சிக்கிக்கிச்சு’ என்று அழித்துவிட்டு மறுபடி போட்டால் அன்றைய கூலிக் கணக்கு மொத்தமும் போய்விடும். ஒரே ஆளை இரண்டு கைபேசியில் பதிந்தால் எடை இரட்டிக்கும். கைபேசியின் தேதி தவறாக இருந்தால் செவ்வாய்க்கிழமைப் பறிப்பு திங்களில் விழும். இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் அச்சிட்டு, லேமினேட் செய்து, எடை போடும் இடத்தில் தொங்கவிட வேண்டும். தாளாகக் கொடுத்தால் மலை ஈரத்தில் தங்காது.

சிக்னல் இல்லாமல் இயங்கும் பதிப்பை இறக்கிக்கொள்ளச் சிக்னல் வேண்டும் என்பது ஒரு வேடிக்கை. ‘ஒண்டிக்கடைக்கு வரும்போது அப்டேட் பண்ணிக்கோங்க’ என்று இடம் குறித்துச் சொன்னால்தான் நடக்கும். அராபிகா பறிப்பு நவம்பரில் சூடு பிடித்து ஜனவரி வரை போகும். ஆகவே மலைக்கான அறிவிப்பு அக்டோபர் தொடக்கத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். பறிப்பு நடுவில் ரைட்டரிடம் புதிய திரையை நீட்டாதீர்கள். சேலத்திலோ சென்னையிலோ இருக்கும் தோட்ட முதலாளிக்குத் தனியாக ஒரு வரி: அன்றைய மொத்தப் பழ எடை இரவுக்குள் வந்துவிடும், வராவிட்டால் தோட்டத்துக் கைபேசி இன்னும் டவுன் பக்கம் வரவில்லை என்று பொருள்.

எதில் அனுப்புவது, எப்போது

எஸ்எம்எஸ்ஸில் தமிழ் எழுதுகிறவர்கள் கணக்குப் பார்த்து எழுத வேண்டும். ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழில் 70. நீண்டு துண்டானால் ஒவ்வொரு துண்டுக்கும் 67. ‘கொலுசு’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஆறு இடம், ஏனென்றால் உயிர்க்குறி ஒவ்வொன்றும் தனியாக எண்ணப்படும். வணிக எஸ்எம்எஸ்ஸுக்கு வாசகத்தையும் அனுப்புநர் பெயரையும் முன்கூட்டியே டிஎல்டி என்ற, வணிகச் செய்திகளுக்கான பதிவுத் தளத்தில் பதிய வேண்டும். உள்ளே இணைப்பு இருந்தால் அதற்கும் அனுமதி வேண்டும். வெளியீட்டுக்கு முதல் நாள் உட்கார்ந்து எழுதினால் நேரத்துக்குப் போகாது.

வாட்ஸ்அப் பிசினஸ் ஒளிபரப்புப் பட்டியலில் 256 பேர்தான். அதிலும் நம் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்தவருக்கு மட்டுமே போய்ச் சேரும். போய்ச் சேராதவர்களைப் பற்றி அது தானாக எதுவும் சொல்லாது. பிளே ஸ்டோரில் ‘புதியவை’ பகுதிக்கு ஒரு மொழிக்கு 500 எழுத்துகள். தமிழுக்குத் தனியாக எழுதிப் போடலாம்; பலர் ஆங்கிலத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

செயலியைப் படிப்படியாக, முதலில் 5 சதவீதம், பிறகு 20, பிறகு எல்லோருக்கும் என்று வெளியிடுவது நல்ல பழக்கம். ஆனால் 20 சதவீதத்தில் நிற்கும்போதே விளம்பரம் வெளியே போனால், மீதிப் பேர் “எனக்கு வரலீங்களே” என்று அழைத்துத் தள்ளிவிடுவார்கள். நூறு சதவீதம் ஆகி இரண்டு நாள் கழித்து அறிவியுங்கள்.

விண்டோஸ் 7 சமாச்சாரத்தை இந்த மகிழ்ச்சிச் செய்திகளோடு கலக்காதீர்கள். மைக்ரோசாப்ட்டே 2020 ஜனவரி 14-ஆம் தேதி அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. ஆனாலும் கடைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று மாதம் முன்பே, தனிச் செய்தியாக: எந்தத் தேதியோடு நிற்கும், அதுவரை பழைய பதிப்பு ஓடுமா, கணக்கை எப்படிப் புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றுவது. எந்த விண்டோஸ் என்று அவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டாம். திரையின் இடது கீழ் மூலையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

வெளியிடும் நாளுக்கு மாதத்தில் 22 முதல் 28 வரை, செவ்வாய் அல்லது புதன் தோதானது. தீபாவளி, அட்சய திருதியை, தை முகூர்த்தங்கள் பக்கமே போகாதீர்கள். ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் கற்றுக்கொள்ளக் கடையில் நேரம் இருக்கும். கோட்டை மாரியம்மன் திருவிழா நாட்களை மட்டும் தள்ளி வையுங்கள்.

சொல்லும் வரிசையில் எல்லோரும் முதலாளியிலிருந்து தொடங்குவார்கள். தலைகீழாகச் செய்வதே நல்லது. போன் எடுத்துப் பதில் சொல்லும் நம் ஆட்களுக்கும் டீலருக்கும் ஒரு வாரம் முன்பு; ஆடிட்டருக்கு அடுத்து; பில் போடுபவருக்கு அதற்குப் பின்; முதலாளிக்குக் கடைசியாக. அவர் திரும்பி, “இது என்னப்பா?” என்று கேட்கும்போது கேட்கப்பட்டவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கௌரவம் போய்விடும்.

எத்தனை பேர் படத்தைப் பார்த்தார்கள் என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு வாரம் கழித்து, பில்களில் எத்தனைக்கு எடை தராசிலிருந்து நேரே வந்தது, எத்தனை பட்டறைகளுக்கு ஆரம்பப் பாக்கி ஏறியது என்று பாருங்கள். ஏறாத கடைகளுக்கு மறுபடி படம் அனுப்பாமல், ஆள் அனுப்புங்கள்.

எப்படியும் ஒரு திருத்தப் பதிப்பு பின்னாலேயே வரும். அதை ‘சில பிழைகள் நீக்கப்பட்டன’ என்று முடித்துவிட வேண்டாம். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை போட்ட எந்த வகைப் பில்லில் தவறு வந்திருக்கலாம், அதைப் பார்க்க எந்த அறிக்கையைத் திறக்க வேண்டும், ஆடிட்டரிடம் ஏற்கெனவே போன கணக்கில் அது இருந்தால் என்ன செய்வது என்று மூன்று வரி. இந்த ஒரு செய்தியை மட்டும் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில், ஒரே வாசகத்தில் அனுப்புங்கள்.